வண்டி என்ன குடுக்குது

எங்கள் பக்கத்தில் ஒருவர் புது வண்டி வாங்கிவிட்டால் விலையைக் கேட்பதற்கு முன்னால் "என்ன குடுக்குது?" என்றுதான் கேட்பார்கள். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அர்த்தம். எருமை வாங்கினாலும் இதே கேள்வி, லாரி வாங்கினாலும் இதே கேள்வி. நாமக்கல்லைச் சுற்றி லாரி இல்லாத வீட்டில்கூட லாரியில் போய் வந்தவர் ஒருவராவது இருப்பார் என்பதால், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெயர் தெரியாமல் இருக்கலாம், அவர் வண்டி என்ன குடுக்கிறது என்று பாயசம் வருவதற்குள் தெரிந்துவிடும்.

என் கணவர் வடக்கு லைனில், அதாவது வடமாநிலங்களுக்கு, லாரி ஓட்டியவர். முதலில் டிரைவராக, பிறகு சொந்த வண்டிக்காரராக. லாரிகளை விற்றுவிட்டுக் கோழிப்பண்ணை வைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் அவர் பேச்சு இன்னும் நெடுஞ்சாலையில்தான் ஓடும். சோறு பரிமாறும்போது போதும் என்று சொல்ல மாட்டார், "லோடு ஆயிருச்சு" என்பார். வயதான பிறகு காரோட்டக் கற்றுக்கொண்ட என்னை அவர் ஒரு டிரைவராக என்றைக்கும் எண்ணியதில்லை. நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தன் காலால் மிதித்துக்கொண்டே வருவார்.

சேலத்தில் கட்டிக்கொடுத்த எங்கள் ஒரே மகளைப் பார்க்க அடிக்கடி போய்வர வேண்டியிருந்ததால் ஹைபிரிட் கார் வாங்கினோம். மருமகன்தான் சொன்னார். பெட்ரோல் என்ஜினும் உண்டு, பெரிய பேட்டரியும் உண்டு, பிரேக்கை மெதுவாக மிதித்தால் வீணாகப் போகும் வேகமே கரண்டாகிப் பேட்டரியில் ஏறும், பிளக்கில் சொருக வேண்டியதில்லை என்றார். இவர் நம்பவில்லை. முதல் நாள் பொத்தானை அழுத்தி வண்டி சத்தமே இல்லாமல் நின்றபோது, "ஸ்டார்ட் ஆகல, இன்னொருக்கா அமுத்து" என்றார். அப்புறம் அது லிட்டருக்கு இருபத்து மூன்று குடுத்தது. அதோடு மனிதர் விழுந்துவிட்டார். டீக்கடையில் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பார். கேட்காவிட்டால் இவரே, "ஏனுங்க, உங்க வண்டி என்ன குடுக்குது?" என்று ஆரம்பித்து வைப்பார்.

அந்த இருபத்து மூன்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்ததை முதலில் கவனித்தது நான்தான். எதிரே திரையில் சராசரி என்று ஒரு எண் வரும். என் கண்ணுக்கு அது வேலை. இருபத்தொன்று ஆனது, இருபது ஆனது, ஒரு நாள் பதினெட்டு என்று காட்டியது.

மைலேஜ் குறைந்ததற்கா இத்தனை கவலை என்று சிரிக்கலாம். கவலைப்படுவதில் எனக்கு யாராவது பட்டமே கொடுக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது மகள் வயிற்றில் பிள்ளை. பல வருஷம் கழித்துத் தங்கிய கரு. ரத்தக்கொதிப்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம் என்றாலும், சேலத்தை விட்டு நகரக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறந்தபின் இருவரையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவருவது என்று பேச்சு. அப்போது கார் இவர் கையில்தான் இருக்கும் என்பதை யாரும் பேசித் தீர்மானிக்கவில்லை. அது தீர்மானமாகவே இருந்தது. லாரிக்காரர்களிடம் ஒரு சாத்திரம் உண்டு. புது வண்டியின் முதல் லோடைச் சொந்தக்காரன் கையால்தான் ஓட்டவேண்டும். "நம்ம ஊட்டுக்கு வர்ற புது லோடு அந்தப் புள்ளைதான். வேற எவன் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்று இவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

ஆகவே எனக்கு அந்த எண் வெறும் எண்ணாகத் தெரியவில்லை. பேட்டரி சாகப்போகிறது என்று நினைத்தேன். பச்சைப்பிள்ளையும் பச்சை உடம்புக்காரியும் பின்னால் இருக்க, வெயிலில் மல்லூர் தாண்டி நடுரோட்டில் வண்டி நின்றுபோவதைப் பட்டப்பகலில் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். மருமகனுக்குப் போன் போட்டேன். "பேட்டரி போனா விளக்கு எரியுமுங்க அத்தை. அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. டயரை ஒருக்காப் பாருங்க" என்றார்.

டயர் என்றதும் எனக்கு உறைத்தது. எண் குறைய ஆரம்பித்த சமயத்தில்தான் இவர் நாலு டயரையும் மாற்றியிருந்தார். கம்பெனியில் போட்டு வந்த டயர்கள் தேய்ந்திருந்தன. அவை வந்த நாளிலிருந்தே இவருக்குப் பிடிக்காது. "அப்பளமாட்ட இருக்குது" என்பார். லாரிக் காலத்திலிருந்து பழகிய டயர் கடைக்குப் போய், ஆழமாகப் பள்ளம் வெட்டின, கனத்த டயர்களைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். காட்டுக்குள் விறகு ஏற்றப்போகிற வண்டி மாதிரி எங்கள் கார் வாசலில் நின்றது. அந்தப் பழைய டயர்கள் எளிதாக உருளுவதற்கென்றே செய்தவை, ஹைபிரிட்டுக்கு அவைதான் பாதி மைலேஜ் என்று மருமகன் சொன்னபோது, இவர் என்னைப் பார்த்து, "டயருன்னா லோடு தாங்கோணும். உருளறதுக்கு முட்டை போதுமே" என்றார். கோழிப்பண்ணைக்காரரின் பதில்.

காற்றுக் கதை அதற்கு மேல். லாரிக்காரர்கள் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டிச் சத்தத்தை வைத்தே காற்றைச் சொல்வார்கள். லாரி டயருக்கு அது சரி. இவர் காரையும் தினமும் காலையில் ஒரு சுற்றுச் சுற்றி நாலு தட்டுத் தட்டுவார். நல்ல சத்தம் வருது என்பார். பங்க்கில் நிறுத்தி அளந்து பார்த்தால் முன்னால் இரண்டு டயரும் காற்று இறங்கிச் சோர்ந்திருந்தன. காற்றில்லாத டயர் செருப்பில் ஒட்டிய சேறு மாதிரி வண்டியைப் பிடித்து இழுக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போன காலத்தை நினைத்தாலே புரிந்திருக்கும்.

சண்டை போட்டேன். எனக்குச் சண்டை நன்றாக வரும். கடைசியில் டயர் கடைக்காரர், ஓட்டிய டயரை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று தலையைச் சொறிந்து, பிறகு இவர் முகத்துக்காக எடுத்துக்கொண்டு, எளிதாக உருளும் டயர்களை வரவழைத்துப் போட்டுக்கொடுத்தார். கதவு ஓரம் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்றும் பிடித்தோம். எண் கொஞ்சம் ஏறியது. பத்தொன்பதைத் தாண்டி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதுபோல அடுத்ததாக நியூட்ரல் கிளம்பியது. டீசலை மிச்சம் பிடிக்க லாரிக்காரர்களுக்குத் தெரிந்த பெரிய வித்தை, இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் தள்ளி உருட்டுவது. இவர் ரத்தத்தில் ஊறியது. நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் வழியெல்லாம் மேம்பாலங்கள். ஒவ்வொரு பாலத்தின் முதுகு வந்ததும் இவர் கை தானாகக் கியருக்குப் போகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டு வருகிறவள் என்பதால் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இறக்கத்தில் கியரில் இருக்கும்போது சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு ஒரு அம்புக்குறி ஓடும். கரண்டு ஏறுகிறது என்று அர்த்தம். நியூட்ரலுக்குத் தள்ளினால் அம்பு காணாமல் போய்விடும்.

"ஏனுங்க, மிச்சம் புடிக்கறேன்னு வர்றதையும் கொட்டிட்டு வாரீங்க" என்றேன்.

"எது கொட்டுது?"

"கியர்ல போடுங்க. இப்பப் பாருங்க. அம்பு வந்துதா? நியூட்ரல் போடுங்க. போச்சா?"

அடுத்த இரண்டு பாலத்தில் அவரே போட்டும் எடுத்தும் பார்த்தார். அந்த அம்பு அவரை ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் கியரிலிருந்து கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். புதுச்சத்திரம் தாண்டும்போது, "ஆயுசு பூரா நியூட்ரல்ல மிச்சம் பண்ணுனவனுக்கு இது ஒரு சோதனை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. அன்றிலிருந்து நியூட்ரலைத் தொடவில்லை. அவரிடம் அது உண்டு, கண்ணால் கண்டுவிட்டால் வீம்பு பிடிக்க மாட்டார்.

நியூட்ரலை விட்டும் எண் ஏறவில்லை. எனக்குப் பழையபடி பேட்டரிப் பயம் பிடித்துக்கொண்டது.

அந்த நாட்களில்தான் மகளை மாதாந்திரப் பரிசோதனைக்கு இவரே காரில் அழைத்துப் போய் வந்தார். சேலத்துக்குள் அம்மாபேட்டைப் பக்கம் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போய்விட்டு வந்தவள், என்னைத் தன் வீட்டுச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டுபோய், "அம்மா, அப்பா ஓட்டுனா எனக்குக் கொமட்டுது. தூக்கித் தூக்கிப் போடறாரு. முன்னெல்லாம் இப்படி இல்லையே" என்றாள். மசக்கை என்று சொல்லிச் சமாளித்தேன். மசக்கைக் காலம் எப்போதோ முடிந்திருந்தது.

அவள் சொன்னபிறகுதான் எனக்கே அது தெரிய ஆரம்பித்தது. பச்சை விழுந்தால் கார் துள்ளிக்கொண்டு கிளம்பும். முன்னால் வண்டி நின்றால் மெதுவாக அழுத்தி அழுத்தி நிறுத்தாமல், கடைசியில் ஒரே மிதி. எனக்குத் தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். வடக்கே மலைப்பாதையில் முட்டை லோடு ஏற்றிப்போய் ஒரு முட்டை உடையாமல் இறக்கியதாகப் பெருமை பேசுகிற மனிதர் இவர். ஆண்டகளூர் கேட்டில் ஒரு பஸ்ஸின் பின்னால் நின்றோம். நின்றோம் என்று சொல்வதைவிடப் பஸ்ஸுக்கு முத்தம் கொடுக்காமல் தப்பினோம் என்று சொல்லலாம். பஸ்ஸின் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படம் என் மடியில் இருந்ததுபோல் இருந்தது.

"என்னுங்க இது, இப்படி மிதிக்கறீங்க?"

"அவன் திடீர்னு நின்னுட்டான்."

பஸ் திடீரென்று நிற்கவில்லை. ஆளை இறக்க மெதுவாக ஓரங்கட்டித்தான் நின்றது. அவர் முகத்தில் வேர்த்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

கோளாறு பேட்டரியிலா இல்லையா என்று எனக்குத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜேடர்பாளையம் போய் மீன் வாங்கி வாரேன் என்று சாவியை எடுத்தேன். காவிரித் தடுப்பணைப் பக்கம் பொரித்துத் தரும் மீன் என்றால் இவருக்கு உயிர், அதனால் மறுப்புச் சொல்லவில்லை. திரையில் இருந்த சராசரியை அழித்துச் சுழியத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பரமத்தி வழியாகத் தென்னந்தோப்பும் கரும்பும் மாறி மாறி வரும் அந்த ரோட்டில் எனக்குத் தெரிந்தபடி ஓட்டினேன். என் ஓட்டம் பயந்தவள் ஓட்டம். தூரத்தில் ஒரு ஆடு தெரிந்தாலே காலை எடுத்துவிடுவேன். வண்டி தானாக மெதுவாகும், அம்பு பேட்டரிக்கு ஓடும், ஆடு போனதும் பூ மாதிரி அழுத்துவேன். பாதித் தூரம் என்ஜின் சத்தமே கேட்கவில்லை.

அணைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் நிறுத்திப் பார்த்தேன். இருபத்து நாலு. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. டயருக்கு ஒன்றும் இல்லை. வண்டி தங்கமாக இருக்கிறது. போனை எடுத்து மருமகனுக்குச் சொல்லலாம் என்று நம்பரைத் தேடினேன்.

தேடும்போதே கை நின்றுவிட்டது. அதே வண்டி, அதே டயர், அதே காற்று. ஓட்டுகிற ஆள் மட்டும் வேறு. வண்டியில் குறை இல்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? வந்த சந்தோஷம் அங்கேயே வற்றிப்போனது. மீன்காரம்மா இலையில் மடித்துக் கொடுத்த பொட்டலம் சுடச்சுட இருந்தது. அதைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். வயதாகிவிட்டது, கோபம் அதிகமாகிவிட்டது, அதனால் மிதிக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீடு வந்தேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம். பண்ணையிலிருந்து வந்து கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். டிவியில் முட்டை விலை ஓடிக்கொண்டிருந்தது. சர்க்கரை போடாத டீயைக் கொடுக்கப் போனவள் அவருடைய வலது உள்ளங்காலைப் பார்த்தேன். குதிகாலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு நெருஞ்சி முள், முழு முள்ளும் உள்ளே போய் முதுகு மட்டும் தெரிந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. காலையில் ஏறியிருக்க வேண்டும். நெருஞ்சி முள் குத்தினால் எருமையே காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஊசியை எடுத்து நெம்பினேன். முள் வந்தது, கூடவே ரத்தமும் வந்தது. அவர் திரையைப் பார்த்தபடி, "நாளைக்கு ரேட்டு ஏறும் போல" என்றார். கால் அசையவில்லை.

முள்ளை உள்ளங்கையில் வைத்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். பார்த்தார். டிவியை அணைத்தார்.

"எப்ப இருந்துங்க?"

"சக்கரை இருக்கறவனுக்கெல்லாம் வர்றதுதான். சித்த மரத்துப்போவும். நடக்க நடக்கச் சரியாயிரும்."

"எப்ப இருந்துன்னு கேட்டேன்."

டீயை எடுத்துக் குடித்தார்.

எனக்கு அந்த நிமிஷத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவள் என்று என்னை அவர் கேலி செய்வதுண்டு. இந்த முடிச்சை நான் போடவில்லை, அது தானே விழுந்தது. ஆட்டோமேட்டிக் வண்டியில் ஒரே கால்தான் இரண்டுக்கும். வலது கால். அந்தக் காலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியவில்லை. அதனால்தான் துள்ளல், அதனால்தான் ஒரே மிதி. மெதுவாக அழுத்தினால் பேட்டரிக்குப் போகவேண்டியது, முரட்டு மிதியில் பிரேக் தேய்ந்து சூடாகிக் காற்றில் போகிறது. பெட்ரோல் போனால் போகட்டும். அந்தக் காலோடு இவர் சேலத்துச் சாலையில் என் மகளை, அவள் வயிற்றுப் பிள்ளையோடு, உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார். கையிலிருந்த முள்ளைச் சன்னல் வழியாக விட்டெறிந்தேன். கோபமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போலாம். அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க."

"புள்ளை பொறக்கட்டும். கூட்டியாந்து ஊட்டுல உட்டுட்டு அப்புறமேட்டுக்கு எந்த டாக்டர்கிட்ட வேணாலும் வாரேன்."

"அந்தக் காலை வெச்சுக்கிட்டா கூட்டிட்டு வருவீங்க?"

"என்ற காலு ஓட்டாத ரோடு இந்தியாவுல இல்ல புள்ள. ஒருக்கா. ஒரே ஒருக்கா." அப்படிக் கேட்டு அவரை நான் பார்த்ததில்லை. பண்ணையில் நோய் விழுந்து கொட்டகை கொட்டகையாகக் கோழி செத்தபோதுகூட அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை. மகளிடம் சொல்லமுடியாது, ரத்தக்கொதிப்பு. மருமகனிடம் சொன்னால் அன்றைக்கே அவளுக்குப் போய்விடும். சாவியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். அவர் தேடவில்லை, அதுவும் பயமாக இருந்தது. அவர் இல்லாதபோது அவர் செருப்பை எடுத்து உள்ளே தடவிப் பார்ப்பேன், கல் இருக்கிறதா, முள் இருக்கிறதா என்று. இவரோ சந்தையிலிருந்து நல்ல எலுமிச்சம்பழமாகப் பொறுக்கி வாங்கிவந்து வைத்திருந்தார். பிள்ளை ஏறும்போது நாலு டயருக்கும் அடியில் வைக்க வேண்டுமாம்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்ததும் இவர் வாசலில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு இன்னொன்று பாக்கி இருந்தது.

வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன நாள், காலையில் வாசலில் பெரிய தகராறு. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "போறப்ப நீ ஓட்டு. வர்றப்ப நான்." அதற்கு நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வழியில் யாரையாவது டிரைவருக்குப் பிடிக்கலாமா, சேலத்தில் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்று பொய் சொல்லலாமா, மருமகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று மனசு பேயாக அலைந்தது. சபையில் அவரைத் தலைகுனிய வைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. சேலத்து எல்லையில் சீலநாயக்கன்பட்டி வந்ததே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நிறுத்தி இறங்கியதும் அவர் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அறையில் மகள் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருந்தாள். மருமகன் பில் கட்டும் இடத்தில் நின்றிருந்தார். குழந்தை டாக்டர், சின்ன வயசுப் பெண், அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தார். துணியை விலக்கிக் கண்ணைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். பிறகு குழந்தையின் உள்ளங்காலை ஒரு கையில் பிடித்து, மற்றக் கை விரலால் குதிகாலிலிருந்து மேலே மெல்லக் கீறினார். கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. மற்ற விரல்கள் நான்கும் விசிறிபோல் விரிந்தன. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு குழந்தை சிணுங்கியது.

"அது எதுக்குங்க, சாமி?" என்று இவர் கேட்டார். அந்த டாக்டரையும் சாமி என்றுதான் கூப்பிட்டார், எங்கள் பக்கத்தில் சின்னவர்களையும் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"உணர்ச்சி சரியா இருக்கான்னு பாக்கறதுங்கய்யா. தொட்டா கால் உடனே பதில் சொல்லணும். பாப்பாவுக்கு நல்லா இருக்கு."

"இன்னொருக்காப் பண்ணுங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு காலிலும் கீறிக் காட்டினார். அந்தக் காலும் பதில் சொன்னது. இவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அறையை விட்டு வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வலது செருப்பைக் கழற்றிவிட்டு, காலை இடது தொடைமேல் போட்டுக்கொண்டு, கையிலிருந்த கார் சாவியின் விளிம்பால் உள்ளங்காலைக் கீறிக்கொண்டிருந்தார். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை அழுத்தி. வெள்ளைக் கோடு விழுந்து மறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சாவியை என் மடியில் வைத்தார்.

"குனிஞ்சு பாத்துத்தான் புள்ள இத்தனை நாளா ஓட்டிட்டிருந்தேன்" என்றார். "காலு பிரேக்குல இருக்குதா, ஆக்சிலேட்டர்ல இருக்குதான்னு. பாத்தாத்தான் தெரியும். பின்னாடி கொழந்தை இருந்தா, நான் அதைத் திரும்பித் திரும்பிப் பாப்பனா, காலைப் பாப்பனா?"